நாலாவது ஆள்

என்னிடம் யாராவது ஒரு லத்தீன் வார்த்தையைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ரோமாபுரிக்காரன் பத்துப் பேரை ஒன்றாக நிறுத்தினால் அதற்கு ஒரு பெயர் வைத்தான். எட்டுப் பேரை ஒரே கூடாரத்தில் படுக்க வைத்தால் அதற்கு வேறு பெயர். நாலு பேரைத் தெருக் கூட்டும் வேலைக்கு மேற்பார்வை போட்டால் அதற்கும் வாய்க்குள் நுழையாத ஒரு பெயர். வைத்துவிட்டு அவன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் வைத்த பெயர்களுக்காக, நல்லம்பள்ளிக்கும் தொப்பூருக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த நான், ஒரு பகல் பூராவும் போலீஸ் ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

அது நாற்பத்திரண்டாம் வருஷம். என் மனைவி இரண்டாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். முதல் பிரசவத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. குழந்தை குறுக்கே கிடந்தது. ஊரில் பிரசவம் பார்க்கிற அம்மாள் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். கடைசியில் என் மனைவியை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. அதற்கு அப்புறம் அவளுக்குப் பேச்சே குறைந்துபோயிற்று. சோறு போட்டால் சாப்பிடுவாள், கூப்பிட்டால் திரும்புவாள், அவ்வளவுதான்.

அந்த முதல் பிரசவத்துக்கு மறுவருஷம் எங்கள் ஊரில் ஒரு ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஆஸ்பத்திரி என்றால் ஓடு போட்ட ஒரே அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், ஒரு நர்ஸம்மா. டாக்டர் மாதம் ஒருமுறை வருவார், வராமலும் இருப்பார். ஆனால் நர்ஸம்மா கைராசிக்காரர். சுற்றுப்பட்டு ஊர்களில் எத்தனையோ பேருக்கு நல்லபடியாகப் பிரசவம் பார்த்திருந்தார். என் மனைவியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, “இந்தத் தடவையும் கொழந்தை கொஞ்சம் சாஞ்சுதான் இருக்கு. நேரம் வரும்போது நான் திருப்பி விட்டுக்கறேன். நீ தைரியமா இரு கண்ணு” என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் மனைவி ஒரு துண்டு வெல்லம் கேட்டாள். அவளாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அந்த ஒன்றரை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நான் வெல்லப் பானையையே தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தேன்.

அந்த நர்ஸம்மாவுக்குத்தான் மாற்றல் உத்தரவு வந்தது. யுத்தத்துக்கு நர்ஸுகள் போதவில்லையாம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மறு உத்தரவு வரும்வரை பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் போகவேண்டியது ஆவணிக் கடைசியில். என் மனைவிக்கு நாள் புரட்டாசியில். விதி இப்படியா கணக்குப் பார்த்து அடிக்கும்?

நர்ஸம்மாவே ஒரு வழி சொன்னார். “ஜில்லாவுக்கே பெரிய டாக்டர் அடுத்த வாரம் ரோட்டு பங்களாவில் முகாம் போடறார். ஊர்க்காரங்க நேர்ல போய்க் கேட்டா ரெண்டு மாசம் தள்ளிப் போட அவருக்கு அதிகாரம் உண்டு. எழுதிப் போடாதீங்க, யாரும் பார்க்கமாட்டாங்க. மத்தியானம் கார் ஏறிடுவார், காலையிலேயே போயிடுங்க.” இதைவிடத் தெளிவாக ஒருத்தர் சொல்ல முடியாது. போக வேண்டும், கேட்க வேண்டும், திரும்பி வரவேண்டும். சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும். ஆனால் எங்கள் ஊரில் பென்ஷன்காரர் இருந்தாரே.

பென்ஷன்காரர் எங்கேயோ ஒரு மிஷன் காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ரிட்டயராகிப் பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்தவர். பாதிரிமாரிடம் லத்தீன் படித்தவர். நல்ல மனுஷர், ஒரு குறையும் சொல்ல முடியாது, வாயைத் திறக்காத வரைக்கும். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக வந்து இறங்கியதே, அப்போது எங்கள் பக்கம் திருட்டுப் பயம் கிளம்பியது. இளவட்டங்கள் முறை போட்டு ராத்திரியில் ரோந்து சுற்றலாம் என்று பேசிக்கொண்டார்கள். தடியை எடுத்துக்கொண்டு சுற்றிவிட்டு வரவேண்டியதுதானே? அது பென்ஷன்காரர் காதில் விழுந்து தொலைத்தது.

பத்துப் பேர் சேர்ந்தால் அது தெகூரியா என்றார். அதற்குத் தலைவன் தெகூரியன். எங்கள் ஊர்த் தெகூரியன் ஓர் ஆட்டு வியாபாரி. “சம்பளம் உண்டுங்களா சாமி?” என்று ஒரு வார்த்தை கேட்டான். இல்லையென்றதும் அந்தப் பட்டத்தை அவன் மறந்தே போனான். பத்துத் தெகூரியா சேர்ந்தால் கெந்தூரியா, அதாவது நூறு பேர். “ஆனால் பாருங்கள், பேருக்குத்தான் நூறு. நடைமுறையில் எண்பது பேர்தான் இருப்பார்கள்” என்று என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு விளக்கினார். அப்படியானால் எண்பது என்றே பெயர் வைத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று நான் கேட்டுவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வெயில் சாய்கிற வரைக்கும் என்னை விடவில்லை. ஊரில் இளவட்டங்கள் இருபது பேர்கூடத் தேறாது என்பது வேறு விஷயம்.

பத்துப் பேரை நிறுத்தி வரிசையாக எண் சொல்லச் சொன்னார். முதலில் நின்றவன் நெஞ்சை நிமிர்த்தி “லாபம்!” என்றான். எங்கள் பக்கம் கேழ்வரகு அளக்கிறபோது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அந்தப் பழக்கம். பென்ஷன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். திருத்தினார். மறுபடியும் எண் சொல்லச் சொன்னார். மறுபடியும் “லாபம்!”

அதோடு விட்டாரா? எட்டுப் பேர் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே பானையில் பொங்கித் தின்றால் அது கொந்துபெர்னியமாம். ரோமாபுரிச் சிப்பாய்கள் அப்படித்தான் இருந்தார்களாம். எட்டுப் பேருக்கும் பொதுவில் ஒரு திரிகை, ஒரு கோவேறு கழுதை. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் எட்டுப் பேரைப் படுக்க வைத்தார். அதில் இரண்டு பேர் பங்காளிகள், வரப்புத் தகராறில் முகம் பார்த்துப் பேசாதவர்கள். ஆளுக்கொரு மூலையில் போய் அவரவர் வீட்டுக் களியைத் தின்றார்கள். சலவைக்காரர் தன் கழுதையைத் தரமுடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். காலையில் நான் பள்ளிக்கூடம் திறக்கப் போனால் பீடித் துண்டைப் பெருக்கத்தான் நேரம் சரியாக இருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். ஆனால் நர்ஸம்மா விஷயமாக ஊர் கூடியபோதும் அவரே முதலில் எழுந்தார்.

“பத்துப் பேர் போக வேண்டும். தெசெம்விரி! ரோமாபுரிக்குச் சட்டம் எழுதியதே பதின்மர் குழுதான்” என்றார்.

“சார், நாலு தெரு தள்ளினா போலீஸ் நிக்குது. அஞ்சு பேரா சேர்ந்து போனாலே உள்ள தள்றாங்க. இந்த நேரத்துல பத்துப் பேரா?” என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

உண்மை அதுதான். அந்த ஆகஸ்டில் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டதிலிருந்து எங்கே பார்த்தாலும் கலவரமாக இருந்தது. தந்திக் கம்பியை அறுத்தார்கள், தபால் பெட்டியைக் கொளுத்தினார்கள், சர்க்கார் கட்டிடத்தின் மேல் கல் விட்டார்கள். ஐந்து பேர் ஒன்றாகக் கூடக்கூடாது என்று தடை உத்தரவு. வெளி ஜில்லாவிலிருந்து ரிசர்வ் போலீஸைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

“சரி, நாலு பேர்” என்று பென்ஷன்காரர் இறங்கி வந்தார். “குவாத்துவோர்விரி. ரோம் நகரத்துத் தெருக்களைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு அவர்களுக்கு.”

நாங்கள் தெருக் கூட்டவா போகிறோம் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். என் வீட்டுக் கஷ்டம் எனக்கு. நாலு பேர் யார் யார் என்று முடிவாயிற்று. நான், பென்ஷன்காரர், மளிகைக் கடைக்காரர், அப்புறம் ஊரின் பெரிய தோட்டத்துக்காரர். தோட்டத்துக்காரரின் மகள் உயிரோடு இருப்பதே நர்ஸம்மா புண்ணியத்தில்தான் என்பதால் அவர் என்னைவிடத் தீவிரமாக இருந்தார்.

போகிற அன்றைக்கு விடியற்காலையிலேயே பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். மூன்று பேர் வந்தோம். மளிகைக் கடைக்காரர் வரவில்லை. அவருடைய பங்காளி வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள், தீட்டு, வரமுடியாது என்று ஆள் விட்டுச் சொன்னார். வேறு ஒருத்தரைப் பிடிக்கலாம் என்றால் அதற்குள் கரி பஸ் வந்துவிட்டது. பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பீப்பாயைக் கட்டிக் கரி போட்டு ஓட்டினார்கள். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ, டிரைவருக்கே தெரியாது.

நான் படியில் கால் வைத்துவிட்டேன். தோட்டத்துக்காரர் ஏறவில்லை.

“ஏனுங்க வாத்தியாரே, மூணு பேரா போயி எந்தக் காரியமுங்க வெளங்கியிருக்குது?”

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். பெண் பார்க்கவோ, நிலம் பேசவோ, எந்த நல்ல காரியத்துக்கும் மூன்று பேராகக் கிளம்பமாட்டார்கள். நாலாவது ஆள் கிடைக்காவிட்டால் வழியில் ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கல் நாலாவது ஆள். காரியம் முடிந்ததும் அதைப் போட்டுவிடலாம். என் கல்யாணப் பேச்சுக்குக்கூட ஒரு கல் வந்து பந்தியில் உட்கார்ந்ததாக எங்கள் வீட்டோடு இருக்கிற என் அக்கா சொல்வாள்.

“பஸ் போயிரும், ஏறுங்க” என்று கத்தினேன்.

“ஏறலாமுங்க. இருங்க” என்று அவர் நிதானமாகக் குனிந்து, ரோட்டோரத்தில் ஜல்லி குவித்திருந்த இடத்தில் ஒன்றை எடுத்தார், கீழே போட்டார், இன்னொன்றை எடுத்தார். ஆள் பொறுக்குகிறாராம்! கடைசியில் தேங்காய் அளவுக்கு ஒரு கருங்கல்லை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு ஏறினார். படித்தவர், லத்தீன் தெரிந்தவர், பென்ஷன்காரராவது வேண்டாம் என்று சொல்லக் கூடாதா? “பேஷ்! மூன்று பேர் என்றால் திரியும்விரி ஆகிவிடும். ரோமில் சிறைச்சாலையைப் பார்த்துக்கொண்டது மூவர் குழுதான். நமக்கு எதற்கு அது? கல்லோடு சேர்த்து நாம் மறுபடியும் குவாத்துவோர்விரி” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பஸ்ஸில் கூட்டம், கையைத் தூக்க இடமில்லை.

பங்களா வாசலில் ரிசர்வ் போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியோடு நின்றார். எங்கள் பக்கத்து ஆள் இல்லை. நாங்கள் மூவரும் வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம் சகிதம் கௌரவமாகத்தான் போனோம். பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளே அவர் கார் நிற்பது தெரிந்தது. போலீஸ்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்காரரின் துண்டைக் காட்டினார்.

“அதில் என்ன?”

“கல்லுங்க” என்றார் தோட்டத்துக்காரர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடப் பாவி மனுஷா! தேங்காய் என்று சொல்லியிருக்கலாமே!

“கல் எதற்கு?”

“நாலாவது ஆளுங்க.”

“நாலாவது ஆள் எங்கே?”

“இதுதானுங்க” என்று துண்டைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். விசில் சத்தம் கேட்டது. எங்கிருந்தோ இன்னும் நாலு போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். சர்க்கார் கட்டிடத்தின் மேல் கல் விழாத ஊரே இல்லாத மாசத்தில், பெரிய அதிகாரி தங்கியிருக்கிற பங்களாவுக்குக் கையில் கருங்கல்லோடு போய் நின்ற பெரிய மனுஷர்கள் நாங்கள்தான்.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர். கல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கல்லின்மேல் சிவப்பு மையால் ஏதோ குறி போட்டு மேஜை மேல் வைத்தார். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். நர்ஸம்மா மாற்றல், என் மனைவி, முதல் குழந்தை, மூன்று பேராகப் போகக் கூடாது என்கிற வழக்கம், எல்லாம். “சார், அவர் மத்தியானம் கிளம்பிடுவாரு சார். இவங்களை இங்கயே கட்டிப் போட்டாலும் சரி, என்னை மட்டும் விடுங்க, ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்” என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. எழுந்துகூட விட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது பார்த்துப் பென்ஷன்காரர் தொண்டையைக் கனைத்தார். இங்கிலீஷில் ஆரம்பித்தார். நாங்கள் கலகக்காரர்கள் இல்லை, நாங்கள் ஒரு குவாத்துவோர்விரி, என்றார்.

சப் இன்ஸ்பெக்டர் மறுபடி உட்கார்ந்தார். “அது எந்தக் கட்சி?”

“கட்சி இல்லை. நால்வர் குழு. முதலில் தெசெம்விரியாக வருவதாகத்தான் தீர்மானம். தடை உத்தரவை உத்தேசித்துச் சுருக்கிக்கொண்டோம்.”

“ஓகோ. ஊர்ல இன்னும் எத்தனை பேர் இருக்கீங்க?”

ஒருத்தர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டு அவருக்கு எத்தனை காலம் ஆகியிருக்குமோ! முகம் மலர்ந்துவிட்டது. “ஒரு தெகூரியா இருக்கிறது. ராத்திரியில் மட்டும் இயங்கும். ஒரு தெகூரியன் தலைமை. கெந்தூரியாவாக விரிவாக்குகிற எண்ணம் உண்டு.”

நான் அவர் தொடையைக் கிள்ளினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

“எங்க கூடுவீங்க?”

“பள்ளிக்கூடத்தில். எட்டெட்டுப் பேராக. அதற்குக் கொந்துபெர்னியம் என்று பெயர்.”

சப் இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு பெயரையும் மெதுவாகச் சொல்லச் சொன்னார். இவரும் நிறுத்தி நிறுத்தி, ஒரு பிழை வராமல், பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார். “ஆயுதம்?” என்று கேட்டதற்கு, “ரோமானியரிடம் ஈட்டியும் குட்டை வாளும் இருந்தன. நம்மவர்களிடம் தற்சமயம் தடி மட்டும்தான்” என்றார். தற்சமயமாம்! எனக்கு அங்கேயே அவர் கழுத்தை நெரித்துவிடலாமா என்று வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் யார் என்று கேட்டபோது அவர் பெருமையாக என்னைக் காட்டினார்.

எங்களை உள் அறையில் தரையில் உட்காரச் சொல்லிவிட்டுச் சப் இன்ஸ்பெக்டர் மேலதிகாரிக்குத் தகவல் சொல்லப் போய்விட்டார். அந்த அறைக்கு ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. ஒரு கறுப்பு மோட்டார் கார் போயிற்று. பின் ஸீட்டில் தொப்பி வைத்த ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கும் காருக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இராது. “சார்! டாக்டர் சார்!” என்று நான் கத்தினேன். அவர் நிமிரவில்லை.

அப்புறம் நான் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், குழந்தை மாதிரி அழுதேன். தோட்டத்துக்காரர் என் முதுகைத் தடவிக்கொண்டே, “கல்லு சின்னதா எடுத்திருக்கோணுமுங்க. என்ற தப்புத்தானுங்க” என்றார். அவருக்குத் தெரிந்த தப்பு அது ஒன்றுதான். பென்ஷன்காரர் அன்றைக்கு அதற்கு மேல் வாயே திறக்கவில்லை. அந்தப் புத்தி காலையிலேயே வந்திருக்கக் கூடாதா?

சாயங்காலம் ஓர் ஏட்டு வந்தார். நல்லம்பள்ளிப் பக்கத்து ஆள். மேஜை மேல் கல்லைப் பார்த்தார், உள்ளே எங்களை எண்ணினார், குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “அய்யய்யோ, மூணு பேரா வந்தாங்களாக்கும்? எங்கூட்டு மாமனாரு கலியாணத்துக்கு எடுத்த கல்லு இன்னும் வாசப்படியில கெடக்குதுங்க!” என்று சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். ராத்திரி ரோந்து என்பது தடியோடு சுற்றுகிற திருட்டுக் காவல்தான் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். ஒரே நிமிஷத்தில் தெகூரியாவும் கெந்தூரியாவும் கலைந்தன. சப் இன்ஸ்பெக்டர் எழுதியதைக் கிழித்துப் போட்டார். “படிச்சவங்கதானே ரெண்டு பேரும்?” என்று கேட்டுவிட்டு, கல்லைத் தூக்கித் தோட்டத்துக்காரர் கையில் கொடுத்தார். “இந்தாங்க, உங்க நாலாவது ஆளு.”

காரியம் முடியாமல் கல்லை வழியில் எறியக் கூடாதாம். தோட்டத்துக்காரர் அதை ஊர்வரைக்கும் சுமந்து வந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்தார். நர்ஸம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. கிளம்புகிற அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியின் வயிற்றை இன்னொரு தடவை பார்த்தார். அக்காவிடம், “லேசா வலி எடுத்த உடனே வண்டி கட்டிடுங்க. ஊர்ல வெச்சுப் பார்த்துக்கலாம்னு ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க, தருமபுரிக்குப் போயிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரிக் கதவில் பூட்டு தொங்கியது. என் மனைவி மறுபடியும் வெல்லம் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை வேளை வலி எடுத்தது. தோட்டத்துக்காரர் சேலம் சந்தைக்குப் போயிருந்தார். அவர் வீட்டு வண்டியை நானே பூட்டினேன். உள்ளே வைக்கோலைப் பரப்பி, போர்வை போட்டு, என் மனைவியைப் படுக்க வைத்தோம். அக்கா துணி மூட்டையோடு பின்னால் வந்தவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“தம்பி, மூணு பேரா போவக் கூடாதுடா.”

எனக்கு வந்த கோபத்தில் நான் கத்தியது ஊருக்கே கேட்டிருக்கும். “கல்லு கில்லுன்னு யாராவது வாயத் தொறந்தீங்க, தெரியும் சேதி! ஒரு கல்லுனால பட்டதெல்லாம் போதாதா? ஏறு வண்டியில!”

இதற்குள் பென்ஷன்காரர் கைத்தடியோடு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. “நான் வருகிறேன். நாலாவதாக நான் வருகிறேன்” என்றார். பாவம், மனுஷர் மனசார்த்தான் சொன்னார். ஆனால் எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கறுப்புக் கார்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. “சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும், வூட்டுக்குப் போயிடுங்க” என்று கும்பிட்டேன்.

வண்டிக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “ஏனுங்க, எதுக்கு இத்தன சண்ட? நாலாவது ஆளு வண்டியிலதான் இருக்குது. ஓட்டுங்க.”

பென்ஷன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் மூக்கணாங்கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் மாட்டின் பக்கம் திரும்பி நின்றேன். பிறகு ஏறி ஓட்டினேன்.

அந்த ரோட்டில் எத்தனை மேடு பள்ளம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முனகுவாள், நான் மாட்டைத் திட்டுவேன், அக்கா என்னைத் திட்டுவாள். மிலிட்டரி லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே வந்தன. ஒதுங்கி நின்று ஒதுங்கி நின்று போனதில் தருமபுரி சேரும்போது உச்சி வெயில். அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அக்காவும் கூடப் போனாள். குழந்தை குறுக்கேதான் கிடக்கிறது என்று ஒரு நர்ஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நான் வேப்பமரத்தடியில் மாடுகளை அவிழ்த்துக் கட்டினேன். அவற்றுக்குப் போட வண்டியிலிருந்து வைக்கோலை உருவினேன். கையில் ஏதோ தட்டுப்பட்டது. வைக்கோலுக்கு அடியில், வெறும் கோணியில் சுற்றி, அந்தக் கருங்கல். சிவப்பு மைக் குறி இன்னும் அழியாமல் இருந்தது. அக்கா! எந்நேரம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குப் போய் அதை எடுத்து வந்து துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தாளோ, தெரியவில்லை. நான் அவ்வளவு கத்தியும், தன் காரியத்தைத் தான் முடித்துக்கொண்டுதான் வண்டி ஏறியிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதை வேலிக்கு அந்தப் பக்கம் வீசி எறியக் கையை ஓங்கினேன்.

வீசவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி அலறினாள். நான் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. நீ இரு, போயிடாதே, நீ இரு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லிடம் சொன்னேனா, யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வெயில் தாழ்ந்த பிறகு கதவு திறந்தது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் என் மடியைப் பார்த்தாள்.

“அதக் கீழ போடுறா. இனி எதுக்கு அது? நாம நாலு பேரு” என்றாள்.

பையனா, பொண்ணா என்று கேட்கவேண்டும் என்பதே எனக்கு வெகு நேரத்துக்குத் தோன்றவில்லை.